தலைவெட்டிக் கோயில் வழக்கு

சிவில் வழக்கில் பாதி சட்டம், பாதி பழைய காகிதம் என்பார் என் சீனியர். பழைய காகிதத்துக்காக நான் அதிகம் அலைந்தது ஒரு ஃப்ரீமேசன் லாட்ஜின் வழக்கில். லாட்ஜ் என்றதும் பஸ் நிலையத்துப் பக்கம் அறை வாடகைக்கு விடும் கட்டடத்தை நினைக்க வேண்டாம். மேசன்கள் தங்கள் கிளைச் சங்கத்தை அப்படித்தான் சொல்கிறார்கள். சங்கம் கூடும் கட்டடத்துக்கும் அதே பேர்.

1990-களின் தொடக்கம். தெற்கு ரயில்வேயின் பழைய ஜங்ஷன் ஊர் ஒன்றில் நான் தொழில் செய்துகொண்டிருந்தேன். ரயில்வே ஆபீசர் காலனிக்கும் சர்ச்சுக்கும் நடுவே அந்தக் கட்டடம் இருந்தது. ஜன்னல்கள் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே. வாசல் நெற்றியில் சுதையில் செய்த கவராயமும் மூலைமட்டமும். மாதம் ஒரு சனிக்கிழமை இரவு கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் தட்டையான தோல்பெட்டியோடு வருவார்கள். வாசலில் ஒருவர் உருவிய வாளோடு நிற்பார். பத்து மணிக்கு மேல் சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் ஊரே சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தது: புதிதாகச் சேருகிறவனைக் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்துத் தலையை வெட்டி மறுபடி ஒட்டிவிடுவார்கள், ரகசியத்தை வெளியே சொன்னால் ஒட்டு விட்டுப்போகும். ஊரில் அதற்குப் பேரே தலைவெட்டிக் கோயில். விளக்கு வைத்த பிறகு பிள்ளைகள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

என்னிடம் வந்தவர் லாட்ஜின் செயலாளர், ஓய்வுபெற்ற டாக்டர். கூடவே இரண்டு பெரியவர்கள்.

"வக்கீல் சார், ராத்திரியோட ராத்திரியா கம்பி வேலி போட்டுட்டாங்க. கேட்டா, கிரயம் வாங்கிட்டோம்னு பத்திரத்தைக் காட்டுறாங்க. இடிச்சுட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போறாங்களாம்."

"எழுதிக் குடுத்தது யாரு?"

"எங்க பழைய மாஸ்டர் ஒருத்தரோட பேரன்."

"உங்க மூலப்பத்திரம் எங்க இருக்கு?"

டாக்டர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் விட்டத்தைப் பார்த்தார். உறுப்பினர்கள் மொத்தமே ஒரு டஜன் தேறமாட்டார்கள், அதில் சிலர் மெட்ராஸில் இருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பிராது எழுத உட்கார்ந்ததுமே முதல் முடிச்சு. வாதி யார்? லாட்ஜ் பதிவு செய்யாத சங்கம். சட்டத்தின் கண்ணில் அது ஆளே இல்லை, தன் பேரில் வழக்குப் போட முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 1 விதி 8-ன்படி சிலர் எல்லோர் சார்பாகவும் வழக்காடலாம். ஆனால் அதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும், இன்ன சங்கத்தின் உறுப்பினர்கள் சார்பில் வழக்கு என்று பத்திரிகையில் அறிவிப்பும் வரவேண்டும். ரகசியச் சங்கம் என்று ஊர் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்று, தினசரியில் வாதிகளின் பேர், தகப்பனார் பேர், விலாசத்தோடு விளம்பரம் கொடுக்க வேண்டும்! உறுப்பினர்களில் ஒருவர் பள்ளித் தலைமையாசிரியர். பெற்றோர்கள் என்ன நினைப்பார்களோ என்று அவர் மட்டும் கொஞ்சம் தயங்கினார். விளம்பரம் வந்தது, ஒரு பெற்றோரும் ஒன்றும் கேட்கவில்லை.

தற்காலிகத் தடை வாங்கியதும் பிரதிவாதிகளின் எதிருரை வந்தது. நன்றாக எழுதப்பட்ட எதிருரை என்பதைச் சொல்லியாக வேண்டும். சொத்து தாத்தாவின் சொந்தக் கிரயம், பட்டா அவர் பேரில், வீட்டு வரி ரசீதெல்லாம் அவர் பேரில். அப்படி இல்லையென்றாலும், பன்னிரண்டு வருடத்துக்கும் மேல் எதிரிடை அனுபவம். வாங்கியவரோ, முப்பது வருட வில்லங்கம் பார்த்து நல்லெண்ணத்தில் பணம் கொடுத்தவர். இவை எந்தச் சொத்து வழக்கிலும் வரக்கூடியவைதான். கடைசிப் பத்திதான் என்னைத் தூங்கவிடவில்லை: 'அந்த இடத்தில் இருந்தது ஆங்கிலேயர்களின் லாட்ஜ். லண்டன் கிராண்ட் லாட்ஜின் சாசனத்தில் நடந்த அந்த அமைப்பு 1961-ல் முடிந்துபோனது. வாதிகள் அதற்குப் பிறகு புதிதாக ஏற்படுத்திக்கொண்ட வேறொரு சங்கத்தார். சொத்தோடு அவர்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.'

இதற்குப் பதில் சொல்ல இந்தியாவில் மேசன்களின் சரித்திரத்தைப் படிக்க வேண்டியிருந்தது. டாக்டர் கட்டுக்கட்டாகப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார்.

லண்டனில் நான்கு லாட்ஜுகள் கூடி 1717-ல் முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தன. கம்பெனிக்காரர்களோடு அது கப்பலேறி 1730-ல் கல்கத்தாவுக்கும் 1752-ல் மெட்ராஸுக்கும் வந்துவிட்டது. வெள்ளைக்காரர்களின் கிளப்பாகத்தான் தொடங்கியது. ஆனால் அதில் சேர்ந்த முதல் இந்தியர் நம் பக்கத்துக்காரர். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் மகன் உம்தத்-உல்-உமரா, 1770-களில் திருச்சிராப்பள்ளியில் சேர்ந்தார். சேதி லண்டனுக்குப் போய், அங்கிருந்து அவருக்கு அலங்கார ஏப்ரன் ஒன்றும் சட்டப் புத்தகமும் பரிசாக வந்தன. கம்பெனிக்கு நவாப் பட்டிருந்த கடனையும் பாக்கியையும் நினைத்தால், அந்த ஏப்ரனில் சகோதரத்துவம் எவ்வளவு, ராஜதந்திரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

நவாபின் மகனுக்குத் திறந்த கதவு சாதாரண இந்துவுக்கு வெகுகாலம் திறக்கவில்லை. பம்பாயில் பார்சிகள் 1843-ல் தங்களுக்கென்று ஒரு லாட்ஜ் கிடைக்கப் பெற்றார்கள். கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற வியாபாரி 1863-ல் விண்ணப்பித்தார். பல தெய்வங்களைக் கும்பிடுகிறவர் எந்தக் கடவுள் பேரில் சத்தியம் செய்வார் என்பது தடைக்குச் சொன்ன காரணம். மனிதர் விடவில்லை. லண்டன் வரை எழுதி, ஒன்பது வருடம் போராடி, 1872-ல் 'ஆங்கர் அண்ட் ஹோப்' லாட்ஜில் சேர்ந்தார். அதே லாட்ஜில் 1884-ல் சேர்ந்த இளைஞர் நரேந்திரநாத் தத், பின்னாளில் சுவாமி விவேகானந்தர்.

சுதந்திரம் வந்த பிறகும் இந்திய லாட்ஜுகள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து கிராண்ட் லாட்ஜுகளின் கீழேயே இருந்தன. 1961 நவம்பர் 24-ல் டெல்லியில் இந்திய கிராண்ட் லாட்ஜ் தொடங்கியது. ராம்பூர் நவாப் ரஜா அலி கான் முதல் கிராண்ட் மாஸ்டர். பழைய இடத்திலேயே இருக்கலாம், புதியதில் சேரலாம் என்று லாட்ஜுகளுக்கு விருப்பம் கொடுத்தார்கள். சேர்ந்தவைக்குப் புதிய சாசனம், புதிய எண். சேராமல் இங்கிலாந்தின் கீழேயே இருக்கும் லாட்ஜுகள் இன்றும் இந்தியாவில் உண்டு. எங்கள் ஊர் லாட்ஜ் சேர்ந்துவிட்டது. எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது இந்தப் புதிய எண்ணைத்தான்.

நிலவரம் பார்த்து அறிக்கை கொடுக்க அட்வகேட் கமிஷனர் போட்டார்கள். பார் கவுன்சிலில் பதிந்து அதிக நாள் ஆகாத பையன். உள்ளே போகப் பயந்து என் குமாஸ்தாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனான். உறுப்பினர்கள் தடுப்பார்களோ என்று நினைத்தேன். டாக்டர் தாமே விளக்கைப் போட்டுக் காட்டினார்: "அறையில ஒரு ரகசியமும் இல்ல தம்பி, நல்லாப் பாத்து எழுதிக்கோ." பையன் எழுதிய அறிக்கையை இப்போதும் வைத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை. கிழக்கு மேடையில் உயரமான நாற்காலி ஒன்று. நடுவில் மேஜை, அதில் பைபிள், குரான், பகவத் கீதை. கல் இரண்டு, ஒன்று செதுக்கியது, மற்றது செதுக்காதது. மண்டையோடு எதுவும் காணப்படவில்லை, என்று அவனாகவே ஒரு வரி சேர்த்திருந்தான். கமிஷன் வாரண்டில் மண்டையோட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அறிக்கையில் எனக்கு வேண்டிய பொருள் வேறொன்று இருந்தது. சுவரில் தேக்குப் பலகை, அதில் தங்க எழுத்தில் லாட்ஜின் மாஸ்டர்களாக, அதாவது தலைவர்களாக, இருந்தவர்கள் பேரும் வருடமும். மேலே பாதிப் பலகை வெள்ளைக்காரப் பேர், நடுவில் ஆங்கிலோ இந்தியப் பேர், கீழே நம் பேர். நடுவும் கீழும் சேருகிற இடத்தில் முதல் பிரதிவாதியான பேரனின் தாத்தா. 1961-க்குக் கோடு எதுவும் கிழித்திருக்கவில்லை, பட்டியல் அறுபடாமல் ஓடியது.

ஆனாலும் பலகை பத்திரமாகாது. நடவடிக்கைப் புத்தகங்கள் இருக்க வேண்டுமே என்று கேட்டேன். பழையவை ஓர் இரும்புப் பெட்டியில் இருந்தன, சாவி மட்டும் யாரிடம் என்று தெரியவில்லை. கடைசியில் வாசலில் வாளோடு நின்ற பழைய காவலரின் வீட்டில் கிடைத்தது. அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர், இறந்து சில வருடம் ஆகியிருந்தது. மனைவி மட்டும் காலனிக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார், பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். வக்கீல் என்று சொன்னதும் அந்த அம்மா சாவியைக் கொடுக்க மறுத்துவிட்டார். "செக்ரட்டரிக்கு மட்டும்தான் குடுக்கணும்னு என் ஹஸ்பண்ட் சொல்லிட்டுப் போனார் மேன்." டாக்டரை அழைத்துப்போய் நிறுத்திய பிறகே சாவி வந்தது. பின்னால் சாட்சிக் கூண்டில் இந்தப் பிடிவாதம் எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ஆவணம் உரிய இடத்துப் பாதுகாப்பிலிருந்து வந்தால், அதன் கையெழுத்தும் எழுத்தும் சரியானவை என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றது அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் பிரிவு 90. உரிய இடம் எது என்பதை அந்த அம்மாவைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

தோல் அட்டை போட்ட கனமான புத்தகங்கள். பூச்சி அரித்த ஓரங்கள், ஆனால் எழுத்து மணிமணியாக. ராத்திரிகளில் அவற்றைப் படித்தபோது ஊர் வேறாகத் தெரிந்தது. சடங்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இன்னாருக்கு இந்தப் படிநிலை கொடுக்கப்பட்டது என்பதோடு சரி. மற்றதெல்லாம் எழுதியிருந்தார்கள். யார் வந்தார், யார் வரவில்லை, சந்தா பாக்கி யார், பங்கா இழுப்பவனுக்குக் கூலி என்ன, பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு மாண்டில் வாங்கிய செலவு வரை. ரகசியச் சங்கம் என்று பேரெடுத்த இந்தக் கூட்டத்தைப் போல் தன்னைப் பற்றி எழுதி வைத்த சங்கம் எங்கள் ஊரில் வேறு இல்லை. கோயில் தர்மகர்த்தாக்களிடமோ நூற்றாண்டு கண்ட வியாபாரச் சங்கத்திடமோ போய்ப் பழைய கணக்குக் கேட்டுப் பாருங்கள்.

ரயில்வே எஞ்சினியர், லோகோ ஃபோர்மன், கார்டு, மில் மானேஜர், சப் ஜட்ஜ், தோல் மண்டி ராவுத்தர், வக்கீல் அய்யங்கார், நாடார் மளிகை வியாபாரி. வெளியே ஒரே பந்தியில் உட்காராதவர்கள் உள்ளே ஒரே தரையில் நின்றிருக்கிறார்கள். அதற்காக உள்ளே சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 1920-களின் புத்தகத்தில் ஓர் உதவி சர்ஜன், இந்தியர், சேர விண்ணப்பிக்கிறார். வாக்கெடுப்பு ரகசியம். பெட்டிக்குள் வெள்ளை உருண்டை போட்டால் சம்மதம், கறுப்பு போட்டால் மறுப்பு. கறுப்பு விழுந்தது. காரணம் எழுதும் வழக்கம் இல்லை, எழுதவில்லை. இரண்டு வருடம் கழித்து அதே பேர் மறுபடி வருகிறது, இந்த முறை எல்லாம் வெள்ளை. இடையில் என்ன நடந்தது என்பதற்குக் குறிப்பில்லை, ஆனால் மறுத்திருக்கக்கூடிய ஓரிருவர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தது வருகைப் பட்டியலில் தெரிந்தது. சேர்ந்த பிறகு விருந்துச் செலவில் ஒரு புது இனம்: தனி அடுப்பு, பிராமணச் சமையல்காரர் கூலி. சமத்துவம் மேஜை வரை வந்து சமையற்கட்டு வாசலில் நின்றுவிட்டது.

1947-க்குப் பிறகு வரும் புத்தகங்களில் ராஜினாமாக் கடிதங்களே அதிகம். இங்கிலாந்து போகிறேன், ஆஸ்திரேலியா போகிறேன், கனடா போகிறேன். 1951-ல் சவுத் இண்டியன் ரயில்வே தெற்கு ரயில்வேயில் சேர்ந்ததும் அதிகாரிகள் மாற்றல், அதற்கடுத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக. ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே 'வருத்தத்தோடு ஏற்கப்பட்டது' என்ற ஒரே வாசகம். அந்த வாசகம் எத்தனை முறை வருகிறதோ அத்தனை நாற்காலி காலி. அப்படியும் கூட்டம் நிற்கவில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது நிவாரணத்துக்கு வசூல் செய்து அனுப்பிய குறிப்பு இருக்கிறது.

எனக்கு வேண்டிய தீர்மானம் 1920-களின் புத்தகத்திலேயே கிடைத்தது. நிலம் மூன்று 'சகோதரர்கள்', அதாவது உறுப்பினர்கள் பேரில் வாங்கப்படுகிறது: ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர், ஓர் ஆங்கிலோ இந்திய ஃபோர்மன், ஓர் இந்திய வியாபாரி. சொத்து லாட்ஜுக்காகத் தாங்கள் வைத்திருப்பது என்று மூவரும் டிரஸ்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அடுத்த கூட்டத்தின் குறிப்பில், பதிவாயிற்று, இன்ன எண், பதிவுக் கட்டணம் இவ்வளவு.

எண் கையில் வந்ததும் சார்பதிவாளர் அலுவலகம். கட்டணம் கட்டினால் முதல் புத்தகத்தை யாரும் பார்க்கலாம். பழைய வால்யூமை இறக்கித் தூசி தட்டினார்கள். கிரயப் பத்திரத்துக்கு அடுத்த எண்ணிலேயே டிரஸ்ட் பத்திரம் இருந்தது. கிரயப் பத்திரத்தில் மூவரின் பேர் மட்டும், லாட்ஜ் என்ற சொல்லே இல்லை. அதைத்தான் பேரன் காட்டி விற்றிருந்தார். வாங்கியவரின் வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்குத்தான் என்பதால் 1920-களின் இரண்டு பத்திரமும் அதில் வரவில்லை. மூவரில் எஞ்சினியர் சீமைக்குப் போய்விட்டார், ஃபோர்மன் காலமானார். பின்னால் டவுன் சர்வே நடந்தபோது ஊரில் இருந்தவர் பேரனின் தாத்தாவான அந்த வியாபாரி ஒருவரே, பட்டா அவர் பேரில் விழுந்தது. அவர் மேல் தப்பில்லை. தப்பு செய்ய நினைத்திருந்தால் அவர் காலத்திலேயே விற்றிருக்கலாம்.

இன்னொன்றும் செய்தேன். லண்டனில் கிரேட் குவீன் தெருவில் இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜின் நூலகம் இருக்கிறது. ஒவ்வொரு லாட்ஜும் ஆண்டுதோறும் உறுப்பினர் பட்டியலைத் தொழிலோடு அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் விதி. இங்கிலாந்துக்குள்ளேயோ இது சட்டமாகவே இருந்தது. 1799-ல் ரகசியச் சங்கங்களை ஒடுக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, பட்டியலை ஆண்டுதோறும் அரசு அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மேசன்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். 1967 வரை அந்த நிபந்தனை ஏட்டில் இருந்தது. நூலகத்திலிருந்து ஜெராக்ஸ் தபாலில் வந்தது. மூவர் பேரும் அதில் இருந்தன. ஆட்சேபணைக்கு உட்பட்டு அதைக் குறியீடு செய்தார்கள்.

விசாரணையில் எதிர்த்தரப்பு சீனியர் சூட்டிகையான மனிதர். டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்ததும் கோர்ட் ஹால் நிரம்பிவிட்டது. பக்கத்து கோர்ட் வக்கீல்கள் கூட வந்து நின்றார்கள்.

"புதுசாச் சேர்றவர் கண்ணைக் கட்டுவீங்களா?"

"கட்டுவோம்."

"அப்புறம்?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"கோர்ட்டுக்குச் சொல்ல மாட்டீங்களா? சத்தியம் பண்ணிட்டு நிக்கிறீங்க."

"அதுக்கு முன்னாடியே ஒரு சத்தியம் பண்ணியிருக்கேன் சார். ரெண்டையும் காப்பாத்தணும்னா நீங்க வேற கேள்வி கேக்கணும்."

ஹாலில் சிரிப்பு. சட்டப்படி டாக்டரின் நிலை பலவீனமானது. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே உள்ள பேச்சுக்குப் பாதுகாப்பு உண்டு, கணவன் மனைவி பேச்சுக்கு உண்டு, லாட்ஜ் சத்தியத்துக்கு இல்லை. நான் அந்த வழியில் போகவில்லை. கேள்விக்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை என்று மட்டும் ஆட்சேபித்தேன். கதவருகே என்ன சொல்லி உள்ளே போகிறார்கள் என்பதைப் பொறுத்து நிலத்தின் உரிமை மாறப்போவதில்லை என்று நீதிபதி கேள்வியை அனுமதிக்க மறுத்தார். சீனியர் விடாமல், இது துர்மந்திரம் செய்யும் இடம் என்று ஊரே சொல்வதாக ஒரு யோசனைக் கேள்வி போட்டார். டாக்டர் பதில் சொன்னார்: "நம்ம போலீஸ் தலைமை அலுவலகம், மெரினாவுல இருக்கே, அது 1839-ல மேசன்கள் கட்டின மண்டபம்தான் சார். 1865-ல போலீஸ் வாடகைக்கு வந்தாங்க, மாசம் தொண்ணூறு ரூபா. 1874-ல இருபதாயிரத்துக்கு விலைக்கே வாங்கிட்டாங்க. இதுவரைக்கும் ஒரு ஐ.ஜி. தலையும் போகல." இந்தப் பதில் வாக்குமூலத்தில் ஏறவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம். அந்தக் கட்டடத்தையே இடிக்க அரசு முனைந்து, பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போய் அது தப்பியதும் அந்தச் சில வருடங்களுக்குள்தான்.

எதிரிகள் தரப்பில் அனுபவத்தைப் பேச, எதிரே டீக்கடை வைத்திருந்தவரைக் கூட்டி வந்தார்கள். கட்டடம் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு நின்றார். நான் எழுந்தேன்.

"அந்தக் கட்டடத்துக்கு ஊர்ல என்ன பேருங்க?"

"தலைவெட்டிக் கோயில்."

"ராத்திரி கடை எத்தனை மணிக்குச் சாத்துவீங்க?"

"பதினொண்ணு ஆகும். மாசத்துல ஒரு சனிக்கிழமை மட்டும் எட்டுக்கே சாத்திருவேன்."

"ஏன்?"

"அன்னிக்குத்தான அவங்க வருவாங்க. கத்தியோட ஒருத்தர் வாசல்ல நிப்பாரு. நமக்கு எதுக்கு வம்பு?"

"எத்தனை வருஷமா இப்படி எட்டு மணிக்குச் சாத்துறீங்க?"

"எங்கப்பா காலத்துலேருந்து."

உட்கார்ந்துவிட்டேன். தொடர்ச்சியான அனுபவத்துக்கு இதைவிட நல்ல சாட்சி என் தரப்பில் இல்லை.

பேரனை நானே கூண்டில் விசாரித்தேன். வரி ரசீதுகள் தாத்தாவின் பேரில் இருப்பது உண்மை. ஒவ்வொரு அரையாண்டு ரசீதையும் எடுத்து, தேதியைப் படித்து, அதற்கடுத்த லாட்ஜ் கூட்டத்தின் குறிப்பைக் காட்டினேன். சகோதரர் இன்னார் கட்டிய நகராட்சி வரி ரூபாய், அணா, பைசா சுத்தமாக அவருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பெற்றுக்கொண்டேன் என்று பக்க ஓரத்தில் தாத்தாவின் கையெழுத்து. ரசீதுத் தொகையும் குறிப்பின் தொகையும் ஓரிடத்திலும் பிசகவில்லை. நாலைந்து ரசீதுக்கு மேல் நீதிபதியே போதும் என்றார். கையெழுத்து தாத்தாவுடையதுதானா என்று கேட்டேன். அதே கையெழுத்துள்ள வேறு காகிதங்களை அவரே தாக்கல் செய்திருந்ததால் ஆம் என்பதைத் தவிர வழியில்லை. டிரஸ்ட் பத்திரத்தின் அசலைத் தாக்கல் செய்ய நோட்டீஸ் கொடுத்திருந்தேன். தம்மிடம் இல்லை என்றார். சான்றிட்ட நகல் இரண்டாம் நிலைச் சாட்சியமாக ஏறியது.

1961 வாதத்துக்கு அந்த வருடத்துச் சிறப்புக் கூட்டத்தின் குறிப்பே பதில். இந்திய கிராண்ட் லாட்ஜில் சேருவது என்று வாக்கெடுத்து முடிவு செய்கிறார்கள். முன் மாதம் வந்திருந்தவர்களே வந்திருக்கிறார்கள், மறு மாதமும் அவர்களே வருகிறார்கள், அதே பொருளாளர், அதே வங்கிக் கணக்கு. அந்தக் கூட்டத்தில் தீர்மானத்தை வழிமொழிந்தவர் முதல் பிரதிவாதியின் தாத்தா. இதைப் படித்துக் காட்டியபோது எதிர்த்தரப்பு சீனியர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார், மேற்கொண்டு அந்தப் பத்தியை அழுத்தவில்லை. நல்ல வக்கீலுக்கு எதை விடவேண்டும் என்று தெரியும்.

சார்பு நீதிமன்றம் வழக்கில் எங்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது. தாத்தா டிரஸ்டியாக மட்டுமே சொத்தை வைத்திருந்தார், டிரஸ்டியோ அவர் வாரிசோ அதே சொத்தில் எதிரிடை அனுபவம் பேச முடியாது. வரம்புச் சட்டத்தின் பிரிவு 10-ன் பாதுகாப்பு பணம் கொடுத்து வாங்கியவருக்கு எதிராகச் செல்லாது என்ற வாதத்தை நீதிபதி ஏற்றார், ஆனால் விற்பனை தெரியவந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடம் ஆகவில்லையே என்று முடித்தார். டிரஸ்ட் பத்திரம் பதிவானது, பதிவு உலகத்துக்கெல்லாம் அறிவிப்பு. வாங்கியவர் மூலப்பத்திரம் வரை தேடியிருக்க வேண்டும். வாசலில் கவராயமும் மூலைமட்டமும் வைத்த கட்டடத்தை ஒரு தனியார் வீடு என்று நினைத்து வாங்கினேன் என்பதை நம்ப முடியவில்லை என்று ஒரு வரியும் எழுதினார். சங்கம் யாருடைய சாசனத்தில் நடக்கிறது என்பது மாறலாம், சங்கத்தார் மாறவில்லை. விளம்புகையும் நிரந்தர உறுத்துக்கட்டளையும் செலவுத் தொகையோடு கிடைத்தன.

முதல் மேல்முறையீட்டில் மாவட்ட நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இரண்டாம் மேல்முறையீடு, சட்டப் பிரச்சினை ஏதும் எழவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் அனுமதி நிலையிலேயே தள்ளுபடி. லாட்ஜ் சொத்தைப் பார்த்துக்கொள்ளத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய வைத்தேன். பட்டா மாற்ற மனுவுக்குத் தாசில்தார் அலுவலகம் எடுத்துக்கொண்ட காலம் மாவட்ட நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு எடுத்துக்கொண்ட காலத்தைவிட அதிகம். செலவுத் தொகைக்கு நிறைவேற்று மனுப் போடலாமா என்று கேட்டேன். அவங்க தாத்தா எங்க மாஸ்டர், வேண்டாம் என்றார் டாக்டர். அந்தத் தொகை இன்றுவரை வசூலாகவில்லை.